நாலு சுவர் இல்லாத கவுன்சிலிங்: வடசென்னையில் எங்கே சரிப்படும், எங்கே சரிப்படாது

கவுன்சிலிங்கை அறைக்குள் வைக்காமல், பூங்காவில் நடந்துகொண்டோ கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டோ நடத்தித் தரும் தெரபிஸ்ட்கள் உண்டு. வடசென்னையில் அப்படி ஒரு செஷன் எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். தனி ஒரு நிறுவனத்தை இங்கே எடைபோடவில்லை. திறந்தவெளி செஷன் என்ற சேவை எப்படிப்பட்டது, ராயபுரம் முதல் மாதவரம் வரை அதற்குத் தோதான இடங்கள் எவை என்பதைத்தான் பார்க்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாய் திறக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இது அருமையான முறை. ஆனால் அறை இவ்வளவு நாளும் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகளை வெளியே யார் செய்வது என்று முதல் நாளே பேசி முடிக்காத தெரபிஸ்டிடம் இதை எடுக்க வேண்டாம்.

புது விஷயம் என்று நினைக்க வேண்டியதில்லை. 1910-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில், பேச்சு மூலம் மனசை ஆராயும் சிகிச்சையைத் தொடங்கிவைத்த பிராய்டும் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரும் சுமார் நாலு மணி நேரம் தெருத்தெருவாக நடந்தபடியே பேசினார்கள். கொரோனா காலத்தில், 2020-ல், வெளியிடத்தில் பேச்சு சிகிச்சை நடத்துவதற்கென்று பிரிட்டிஷ் உளவியல் சங்கம் வழிகாட்டுதலே வெளியிட்டது. நம் ஊரில் இன்னும் பலர் இதை "வாக்கிங் போய்ட்டே பேசுறது" என்று லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு அறையில் கதவு இருக்கிறது. சாத்தினால் அடுத்தவர் வரமாட்டார். சுவரில் கடிகாரம் இருக்கிறது. 50 நிமிடம் முடிவதை இருவருமே பார்க்கலாம். நாற்காலிகளின் இடைவெளி நேற்றும் அதேதான், நாளையும் அதேதான். அழுகை வந்தால் டிஷ்யூ டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ரகசியம், நேரம், இடைவெளி, பாதுகாப்பு ஆகிய நாலையும் அறை பார்த்துக்கொள்வதால் தெரபிஸ்ட் பேச்சை மட்டும் கவனித்தால் போதும். வெளியே வந்ததும் இந்த நாலும் அவர் தலையில் ஏறுகின்றன. அதோடு கவுன்சிலிங்குக்கு வருகிறவரின் தலையிலும் பாதி ஏறுகிறது. அறை தெரபிஸ்டுடைய இடம். பூங்கா இருவருக்கும் பொது. எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே உட்காருவது, எவ்வளவு வேகமாக நடப்பது என்பதையெல்லாம் வருகிறவரும் தீர்மானிக்கலாம். வாழ்நாள் முழுக்க டாக்டருக்கும் அதிகாரிக்கும் எதிரே கைகட்டி நின்றே பழகிய ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. இந்தச் சேவையின் முதல் லாபம் இதுதான்.

இரண்டாவது லாபம், பக்கத்தில் பக்கத்தில் நடப்பது. எதிர் எதிரே உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். நடக்கும்போது இருவர் கண்ணும் பாதையில் இருக்கிறது. வெட்கமான விஷயத்தை, குடியை, அடித்ததை, அடிவாங்கியதை முகம் பார்க்காமல் சொல்லிவிட முடிகிறது. பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள், ஹார்பரில் வேலை செய்கிற ஆண்கள், "எனக்கு ஒண்ணும் இல்ல, வீட்ல சொன்னாங்கன்னு வந்தேன்" என்று ஆரம்பிக்கிறவர்கள் ஆகியோரிடம் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மௌனமும் மாறுகிறது. அறையில் இரண்டு நிமிட மௌனம் ஒரு கேள்வி போலத் தொங்கும். நடக்கும்போது அது நடை மட்டும்தான். ஆனால் தெரபிஸ்ட் பக்கம் இதற்கு ஒரு விலை இருக்கிறது. முகம் தெரியாததால் கண் கலங்குவதும் தாடை இறுகுவதும் கண்ணில் படாது. அதற்குப் பதிலாக நடையைக் கவனிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பேச்சு வரும்போது வேகம் கூடுகிறது, எங்கே கால் நிற்கிறது, எப்போது மூச்சு மேலேறுகிறது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். வேகத்தை எப்போதும் வருகிறவர்தான் வைக்க வேண்டும். முழு வாக்கியம் ஒன்றை மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் சரியான வேகம்.

இனி சிக்கல்கள். 1979-ல் எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர், தெரபிஸ்டுக்கும் வருகிறவருக்கும் உள்ள உறவை மூன்று இழைகளாகப் பிரித்துச் சொன்னார்: எதற்காக வருகிறோம் என்பதில் ஒத்துப்போவது, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் ஒத்துப்போவது, இருவருக்கும் இடையே உண்டாகும் பிணைப்பு. திறந்தவெளியில் மூன்றாவது இழை சீக்கிரம் இறுகிவிடுகிறது, முதல் இரண்டும் அதே சீக்கிரத்தில் தளர்ந்துவிடுகின்றன என்பது எங்கள் கணிப்பு. அடையாளம் எளிது. சில வாரம் போன பிறகு "நல்லாப் பேசினோம்" என்று இருவரும் சொல்வார்கள். எதைப் பற்றி வேலை செய்தோம் என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது. இதைத் தடுக்க நல்ல தெரபிஸ்ட்கள் நடக்கத் தொடங்கும் முன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து "இன்னைக்கு எதைப் பாக்கலாம்?" என்று ஒரே வாக்கியத்தில் முடிவு செய்கிறார்கள். நடை முடிந்து உட்காரும் கடைசி பெஞ்சில் அதே வாக்கியத்துக்குத் திரும்பி வருகிறார்கள். இது நடக்கவில்லை என்றால் நீங்கள் காசு கொடுத்து ஒரு நல்ல துணையோடு வாக்கிங் போகிறீர்கள், அவ்வளவுதான்.

பிணைப்பு சீக்கிரம் இறுகுவதைக் கூப்பிடும் விதத்திலேயே கேட்கலாம். அறையில் "மேடம்", "சார்", "டாக்டர்" என்று இருந்தது, பூங்காவில் ஓரிரு வாரத்தில் "அக்கா", "அண்ணா" ஆகிவிடும். வடசென்னையில் இது மரியாதைக் குறைவு இல்லை, உறவுக்குள் சேர்த்துக்கொள்வது. ஆனால் அக்காவுக்குக் கடமை உண்டு. அக்காவுக்கு இரவு பதினோரு மணிக்கும் போன் போடலாம், அக்கா வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவார், அக்காவிடம் சில விஷயங்களைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். அந்தச் சொல்லைத் தடுக்க வேண்டாம். தடுத்தால் மனசு சுருங்கிப்போகும். "அக்கான்னே கூப்பிடுங்க. ஆனா செஷன் நேரத்துல மட்டும்தான் நான் போன் எடுப்பேன், அவசரம்னா இந்த நம்பர்" என்று அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிடுகிற தெரபிஸ்ட் நம்பிக்கையானவர்.

டீக்கடையும் இதே கதைதான். நடை முடிந்ததும் "ஒரு டீ சாப்பிட்டுப் போலாம்ங்க்கா" என்று வரும். யார் காசு கொடுப்பது? வருகிறவர் கொடுத்தால் கடன்பட்ட மாதிரி, தெரபிஸ்ட் கொடுத்தால் தானம் மாதிரி, மறுத்தால் அவமானம். அந்த இடத்தில் நின்று யோசிக்கக் கூடாது. அவரவர் தண்ணீர் பாட்டில் அவரவர் கொண்டுவருவது, செஷனில் வேறு எதுவும் சாப்பிடுவதில்லை என்று முதல் நாளே பேசிக்கொண்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

வடசென்னைக்கே உரிய பெரிய கேள்வி, "யாராவது பாத்துட்டா?" என்பதுதான். தண்டையார்பேட்டையிலோ காலடிப்பேட்டையிலோ காலையில் பத்து நிமிடம் நடந்தால் தெரிந்த முகம் ஒன்றாவது வரும். ஆணும் பெண்ணும் சேர்ந்து நடந்தால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. கிளினிக் வாசலோடு அது நின்றுவிடுவதில்லை. நடைமுறையில் என்ன செய்யலாம்? வீட்டிலிருந்து மெட்ரோவில் குறைந்தது மூன்று ஸ்டேஷன் தள்ளி இடம் வையுங்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு இது லேசாகிவிட்டது. தெரபிஸ்ட் கழுத்தில் அடையாள அட்டை தொங்கக் கூடாது, கையில் நோட்டுப் புத்தகம் இருக்கக் கூடாது; குறிப்புகளைச் செஷன் முடிந்த கால் மணி நேரத்துக்குள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். தெரிந்தவர் எதிரே வந்தால் தெரபிஸ்ட் அரை அடி பின்வாங்கிச் சும்மா இருக்க வேண்டும். அறிமுகப்படுத்துவதா வேண்டாமா என்பது வருகிறவர் உரிமை. "ஆபீஸ்ல தெரிஞ்சவங்க" என்பது போல ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே சேர்ந்து தயார் செய்துகொண்டால் நாக்கு குழறாது. தெரபிஸ்டுக்குத் தெரிந்தவர் வந்தாலும் இதே விதிதான்: வணக்கம் சொல்லி நகர்ந்துவிட வேண்டும், நின்று பேசக் கூடாது.

சத்தம் பற்றிப் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. சத்தமான இடத்தில் பேசினால் யாருக்கும் கேட்காது என்று நினைக்கிறார்கள். சத்தத்தை டெசிபல் என்ற அளவில் சொல்வார்கள்; சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். ஆக நாலு மீட்டரில் 48-க்கு வந்துவிடும். மரங்கள், பறவைகள், தூரத்துச் சாலை என்று 50, 55 டெசிபல் இரைச்சல் இருக்கும் பூங்காவில் நாலு மீட்டர் தள்ளி நடக்கிறவருக்கு வார்த்தை பிடிபடுவது கஷ்டம். ஆனால் லாரி ஓடும் சாலையோரம் 75 டெசிபல் இருந்தால், இருவரும் தங்களை அறியாமல் கத்திப் பேச ஆரம்பிப்பார்கள். லாரி கடந்து போன அடுத்த நொடியில் அந்தக் கத்தல் மட்டும் தெருவில் நிற்கும். "என் மாமியார்" என்பதோ "மாத்திரை" என்பதோ பக்கத்திலிருப்பவர் காதில் அப்போதுதான் விழுகிறது. மிதமான, சீரான இரைச்சல் உள்ள இடமே நல்ல இடம்.

இந்தக் கணக்கோடு இடங்களைப் பார்க்கலாம்.

ராயபுரத்தின் ராபின்சன் பூங்கா, அதாவது அறிஞர் அண்ணா பூங்கா, 1949 செப்டம்பரில் தி.மு.க. பிறந்த இடம் என்பதால் ஊருக்கே தெரிந்த பூங்கா. ஊருக்கே தெரிந்தது என்பதுதான் இங்கே சிக்கலும். அக்கம்பக்கத்தார் தினமும் நடக்க வரும் இடத்தில் அந்தப் பகுதிக்காரருக்குச் செஷன் வைக்கக் கூடாது. வேறு பகுதியிலிருந்து வருகிறவருக்கு, வார நாளில், காலை நடைக்கூட்டம் கலைந்த பிறகு வைக்கலாம்.

பெரம்பூரின் முரசொலி மாறன் மேம்பாலப் பூங்காவுக்கு வந்துபோவது எளிது. மேம்பால வாகனச் சத்தம் கூடவே வரும். ஆழமான பேச்சுக்கு எங்கள் தேர்வு அது இல்லை. பதற்றத்தைக் குறைக்க மூச்சுப் பயிற்சி, கூட்டத்துக்குள் போய்ப் பழகுவது போன்ற செயல்முறை வேலைகளுக்குச் சரி.

மாதவரம் பால் பண்ணைப் பகுதியில் உள்ள தோட்டக்கலைத் துறையின் பூங்காதான் இந்தப் பக்கத்தில் எங்கள் முதல் தேர்வு. பரப்பு பெரிது, பாதை நீளமானது, வாசல் என்று ஒன்று இருக்கிறது. வாசல் ஏன் முக்கியம் என்றால், செஷன் ஆரம்பிப்பதையும் முடிவதையும் அது காட்டுகிறது. அறைக்கதவின் வேலையில் பாதியை அது செய்துவிடுகிறது. வாசலைத் தாண்டும் வரை ஊர்ப்பேச்சு, தாண்டிய பிறகு செஷன் என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிறும் விடுமுறையும் வேண்டாம், குடும்பங்களும் ஜோடிகளும் கேமராவுமாக இருக்கும். திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்கு வருவோம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை பெரும்பாலும் மணல் கிடையாது. பாறாங்கல் கொட்டிய கரையும் இடையிடையே கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும்தான். பக்கத்தில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை, துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கண்டெய்னர் லாரிகள். நடக்க வேண்டுமென்றால் வருகிறவர் கடல் பக்கமும் தெரபிஸ்ட் சாலைப் பக்கமும் இருப்பது நல்லது. கடல்காற்று கிழக்கிலிருந்து வீசும்போது மெல்லிய குரலும் தெரபிஸ்ட் காதுக்கு வந்துசேரும், லாரிப் பக்கம் அவரே நின்றுகொள்வதும் ஒரு அக்கறைதான். தற்கொலை எண்ணம் உள்ளவரோடு இங்கே வரவே கூடாது, எந்தப் பக்கம் நடந்தாலும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. கடல் மனசை ஆற்றும் என்று எல்லோரையும் போலத் தெரபிஸ்ட்களும் நம்புகிறார்கள். காசிமேட்டுக்காரருக்குக் கடல் வேலை செய்யும் இடம். விடியற்காலை ஏலமும் டீசல் கடனும் அங்கேதான். அவரைக் கரையில் உட்கார வைத்து ரிலாக்ஸ் ஆகச் சொன்னால், கணக்குப்பிள்ளையை ஆபீஸில் உட்கார வைத்து ஓய்வெடுக்கச் சொல்வது போலத்தான். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வீடுகளும், 2004 சுனாமியும் அந்த அலைச் சத்தத்தில் இருக்கின்றன. எண்ணூர்ப் பக்கம் 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் படிந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் இரவில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு தாய்க்கு, லேசான ரசாயன வாடை வந்தாலே செஷன் முடிந்துவிட்டது. இடத்தைத் தெரபிஸ்ட் தேர்ந்தெடுத்துச் சொல்லும் முன் "இந்த இடம் உங்களுக்கு எப்படி? இங்க ஏதாவது நடந்திருக்கா?" என்று கேட்டாரா என்று பாருங்கள். கேட்காதவருக்கு இயற்கையைத் தெரியும், வடசென்னையைத் தெரியாது. மீனவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். தொடர்ந்து வாராவாரம் வர முடிகிற காலம் அதுதான், வீட்டுச் சண்டை கூடும் காலமும் அதுதான். வெயில் உச்சத்தில் இருப்பதால் அதிகாலை நேரத்தைப் பிடிக்க வேண்டும்.

மொட்டை மாடியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். கிளினிக் இருக்கும் கட்டிடத்தின் மாடியிலேயே சாயங்காலம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் வானம், காற்று, தூரத்துப் பார்வை எல்லாம் கிடைக்கிறது. படிக்கட்டுக் கதவைச் சாத்தினால் ரகசியமும் ஓரளவு கிடைக்கிறது. நாற்காலிகளை நேர் எதிரே போடாமல், இருவரும் ஒரே பக்கம் பார்க்கும்படி கொஞ்சம் சாய்த்துப் போட்டால் நடக்கும்போது கிடைக்கும் சுலபம் இங்கேயும் வருகிறது. பக்கத்து மாடியில் துணி எடுக்க வருகிறவர்களைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வரும் நேரம் இரண்டே வாரத்தில் பிடிபட்டுவிடும். கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேலே இல்லாத மாடி வேண்டாம். உயிரை விடும் எண்ணம் சமீபத்தில் சொன்னவருக்கு எந்த மாடியும் வேண்டாம்.

வெயில் விஷயத்தில் தெரபிஸ்ட்கள் பலர் கோட்டை விடுவது மருந்துகளில். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் சாப்பிடுகிறவர் வியர்த்து நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும். கை நடுக்கம், வாந்தி, பேதி, நடை தள்ளாடுவது வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மனச்சிதைவு போன்றவற்றுக்குத் தரும் குளோர்பிரோமசின் எடுப்பவர் தோல் வெயிலில் சீக்கிரம் கன்றிவிடும். மனநோய் மருந்துகளால் வரும் நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் தரும் டிரைஹெக்ஸிபெனிடில் வியர்வையைக் குறைப்பதால் உடம்புச் சூடு வெளியேறாது. சில மாத்திரைகளால் பெஞ்சிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது. மனநல மருத்துவரிடம் "வெளியில நடந்து பேசப் போறேன்" என்று சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் சந்திப்பில் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்காத தெரபிஸ்ட் வெளியிடத்தில் வேலை செய்யத் தயாராக இல்லை என்றே அர்த்தம். மார்ச் முதல் ஜூன் வரை காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும், அல்லது ஐந்தரைக்குப் பிறகு தொடங்க வேண்டும்.

நேரத்தைப் பிரிக்கும் விதம்: 50 நிமிடத்தில் முதல் 10 உட்கார்ந்து, நடுவில் 30 நடந்து, கடைசி 10 மீண்டும் உட்கார்ந்து. சுற்றுப்பாதை 400 அல்லது 500 மீட்டர் போதும். நேராகப் போய்த் திரும்பும் பாதையைவிடச் சுற்றுப்பாதை நல்லது, எந்த நேரத்திலும் வாசல் பக்கத்தில் இருக்கும். கனமான பேச்சை நடுச்சுற்றோடு நிறுத்த வேண்டும். முக்கியமான விஷயத்தைக் கிளம்பும்போது சொல்வது மனித சுபாவம். அறையில் கதவைத் தொட்டுக்கொண்டு சொல்வார்கள், இங்கே செருப்பைச் சரிசெய்துகொண்டு சொல்வார்கள். அப்போது "இது முக்கியம், அடுத்த வாரம் முதல் பெஞ்சுல இதுலேர்ந்தே ஆரம்பிக்கலாம்" என்று குறித்துக்கொள்வதுதான் முறை. வாசலுக்கு வெளியே பஸ் ஸ்டாப் வரை பேச்சை நீட்டினால் அடுத்த வாரமும் அது பஸ் ஸ்டாப்பில்தான் வரும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பூங்காவில் பெற்றோர் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலும் காதுக்கு எட்டாத தூரத்திலும் இருக்கலாம். வியாசர்பாடிப் பையன்களை மைதானத்தின் ஓரமாக நடத்திப் பேசவைப்பது நன்றாக வேலை செய்யும். கூட்டாளிகள் ஆடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

பழைய கொடுமை நினைவுகளை நேரடியாகக் கிளறிச் செய்யும் சிகிச்சை, நிஜத்தோடு தொடர்பு விட்டுப்போகும் நிலை, தீவிரமான தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்கு அறைதான் சரி. வெளியே போகவே பயப்படுகிறவரை வெளியே அழைத்துப் போவது தனி வகைச் சிகிச்சை. அதைப் படிப்படியாகத் திட்டம் போட்டுச் செய்ய வேண்டும், "காத்து வாங்கிட்டு பேசலாம்" என்று கூட்டிப்போகக் கூடாது. நெருக்கடி நேரத்துக்கு 24 மணி நேரமும் இயங்கும் அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், இலவசம்.

போனில் முதல் தடவை பேசும்போது இதையெல்லாம் கேளுங்கள். மழை வந்தால் என்ன ஏற்பாடு, அதை யார், எத்தனை மணிக்குச் சொல்வார்கள்? செஷனுக்கு ஒரு மணி நேரம் முன்பே தெரபிஸ்ட் முடிவு செய்து, அதே நேரத்தில் போனிலோ அறையிலோ நடத்துவதுதான் நியாயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கேள்வி அடிக்கடி எழும். நடுவில் எனக்கு முடியவில்லை என்றால் திரும்பிப் போக அறை இருக்கிறதா? கட்டணம் அறைக்கும் வெளிக்கும் ஒன்றா? இடத்துக்கு வாடகை இல்லாதபோது வெளி செஷனுக்கு அதிகம் கேட்டால் காரணம் கேளுங்கள். யாராவது போட்டோ எடுத்தால் என்ன செய்வீர்கள்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.